ஜப்பானிய ராக், மெட்டல் இசையை இந்தியாவில் இருந்துகொண்டு முழுமையாக ரசிப்பது எப்படி?

எந்தப் பாட்டைக் கேட்கலாம் என்பதற்குப் பட்டியல்கள் எங்கும் கிடைக்கும். இங்கிருந்து கேட்பவர்கள் உண்மையில் தடுமாறுவது தேடுவதிலும், சிடி வாங்குவதிலும், டிக்கெட் எடுப்பதிலும்தான். அதனால் அவற்றைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

ஆங்கில எழுத்தில் மட்டும் தேடினால் பல பாடல்கள் கண்ணில் படாமலே போகும். குழுவின் அதிகாரபூர்வத் தளத்தில் ஆல்பப் பட்டியலைத் திறந்து, ஜப்பானிய எழுத்தில் உள்ள பெயரை அப்படியே நகலெடுத்து ஒட்டித் தேடுங்கள். யூடியூப் தலைப்பில் ‘ஷார்ட் வெர்ஷன்’ என்று இருந்தால் அது முழுப் பாட்டு அல்ல. அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) தொடர்களின் தொடக்கப் பாடலும் ஏறக்குறைய 90 விநாடிக்கு வெட்டியதுதான். கிடார் சோலோ பெரும்பாலும் அந்த வெட்டில்தான் காணாமல் போகிறது.

தொடங்க ஒரு வரிசை வேண்டுமென்றால், லவுட்னஸ் குழுவின் ‘தண்டர் இன் தி ஈஸ்ட்’ ஆல்பம் (1985). அமெரிக்க பில்போர்டு 200 பட்டியலில் 74-ஆம் இடம் வரை போனது. அகிரா தகாசாகியின் கிடாருக்காகவே கேட்கலாம். அடுத்து, பின்னாளில் எக்ஸ் ஜப்பான் என்று பெயர் மாறிய எக்ஸ் குழுவின் ‘ப்ளூ ப்ளட்’ (1989). அசுர வேக டிரம்ஸும் பியானோவும் ஒரே ஆல்பத்தில். கரடுமுரடான இசை பிடிக்குமென்றால் சைய் குழுவின் ‘ஸ்கார்ன் டிஃபீட்’ (1993). அதை வெளியிட்டது நார்வேயின் டெத்லைக் சைலன்ஸ் நிறுவனம். இன்றைய குழுக்களில் பேண்ட்-மெய்ட், லவ்பைட்ஸ் இரண்டையும் தயங்காமல் சொல்வேன். டெல்லிக் குழுவான ப்ளடிவுட்டும் ஜப்பானின் பேபிமெட்டலும் 2025-இல் ஒன்றின் பாட்டில் மற்றொன்று விருந்தினராகப் பாடியிருக்கின்றன. நமக்கு அது நல்ல வாசல்.

வரிகளைச் சேர்ந்து பாட விரும்பினால் ஆங்கில எழுத்தை விட்டுவிட்டுத் தமிழில் எழுதிப் பாருங்கள். ஜப்பானிய மொழியில் குறில் நெடில் மாறினால் பொருளே மாறும்: ‘ஒபசன்’ என்றால் அத்தை, ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. ஆங்கில எழுத்தில் அடிக்கடி தொலையும் இந்த வேறுபாடு தமிழில் தானாகவே நிற்கும். நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்ற கணக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் சொல்லில் வரும் ‘ன்’ நமக்கு அரை மாத்திரை, அவர்களுக்கு முழு மாத்திரை. அதைச் சுருக்கினால் தாளம் தப்பும். க, ட, ப எழுத்துகளில் வல்லொலியா மெல்லொலியா (k-யா g-யா என்பது போல) என்பதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிடி வாங்கும்போதுதான் பணம் வீணாகிறது. ஒரே ஆல்பம் இரண்டு மூன்று வடிவங்களில் வரும். ‘ஷொகய் கென்தெய்-பன்’ என்பது முதல் அச்சின் வரம்புப் பதிப்பு. ‘ட்சூஜோ-பன்’ என்பது வழக்கமான பதிப்பு. வரம்புப் பதிப்போடு பெரும்பாலும் டிவிடியோ ப்ளூ-ரேயோ சேர்ந்து வரும், விலையும் கூடும். வட்டின் மண்டலக் குறியீடும் பிளேயரின் குறியீடும் பொருந்தினால்தான் படம் ஓடும். ஜப்பானிய டிவிடி மண்டலம் 2, நம்முடையது 5. ப்ளூ-ரேயில் அவர்கள் ஏ, நாம் சி. எல்லா மண்டலத்துக்கும் பொதுவான வட்டுகளும் உண்டு. பொருள் பக்கத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். கணினி டிரைவில் டிவிடி மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். பாட்டு மட்டும் போதுமென்றால் வழக்கமான பதிப்பே சரி. ஆடியோ சிடிக்கு மண்டலம் கிடையாது.

விலை குறையட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஜப்பானில் புது சிடியின் விலையை வெளியீட்டாளரே நிர்ணயிக்க அனுமதிக்கும் ‘சய்ஹன்’ முறை இருப்பதால், கடைகள் எளிதில் தள்ளுபடி தருவதில்லை. ஆல்பம் ஒன்று சுமார் 3,000 யென். வரம்புப் பதிப்பு தீர்ந்துவிட்டால் விலை ஏறத்தான் செய்யும். மலிவாக வேண்டுமென்றால் டிஸ்க் யூனியன், புக் ஆஃப் போன்ற பழைய வட்டுக் கடைகளைப் பாருங்கள். முதுகுப்புறம் சுற்றியிருக்கும் ‘ஒபி’ காகிதப் பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் மறுவிற்பனை மதிப்பு குறையும்.

சிடிஜப்பான் தளம் நேரடியாக இந்தியாவுக்கு அனுப்பும். அனுப்பாத கடைகளுக்கு பையீ, ஜென்மார்க்கெட் போன்ற இடைத்தரகுத் தளங்கள் உண்டு. அவற்றின் சேவைக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் போடப்படும். ஒற்றை சிடிக்கு விரைவுக் கூரியர் எடுத்தால் வட்டின் விலையை விட அதுவே அதிகமாகிவிடும். மூன்று நான்கு சேர்த்து, மலிவான அஞ்சலில் வாங்குவதுதான் என் பரிந்துரை.

நேரில் கச்சேரி பார்க்கப் போகிறவர்களுக்கு: டிக்கெட் பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான். முதலில் ரசிகர் மன்றத்தினர், பிறகு டிக்கெட் தளங்களின் முன்பதிவு, மிஞ்சினால்தான் பொது விற்பனை. பல தளங்கள் ஜப்பானியக் கைபேசி எண் கேட்கும். அங்கேதான் வெளிநாட்டவர் சிக்குவார்கள். அதனால் வெளிநாட்டினருக்கென்று தனி விற்பனைப் பக்கம் இருக்கிறதா என்று குழுவின் அறிவிப்பில் முதலில் தேடுங்கள். கள்ளச் சந்தையில் வாங்காதீர்கள். கூடுதல் விலைக்கு டிக்கெட் மறுவிற்பதைத் தடுக்கும் சட்டம் 2019 ஜூனில் வந்துவிட்டது. பெயரைச் சரிபார்த்து வாசலிலேயே திருப்பி அனுப்பவும் வாய்ப்புண்டு.

சிறிய அரங்குகளில் டிக்கெட்டுக்கு மேல் பானக் கட்டணமாக 500 அல்லது 600 யென் கேட்பார்கள். சில்லறையாக வைத்திருங்கள். டி-ஷர்ட் விற்பனை பெரும்பாலும் கதவு திறப்பதற்கு முன்பே தொடங்கும், அளவு நம் ஊரை விடச் சிறியதாக இருக்கலாம். நின்று பார்க்கும் அரங்கில் டிக்கெட்டில் ஒரு வரிசை எண் இருக்கும், அதன்படிதான் உள்ளே விடுவார்கள். எண்ணை ஜப்பானிய மொழியில்தான் கூப்பிடுவார்கள். உங்களுடையது 347 என்றால் ‘சம்ப்யகு யொன்ஜூ நன’ என்று முன்பே பழகிக்கொள்ளுங்கள். கவனிக்காமல் விட்டால் உங்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் முன்வரிசையில் நிற்பார்கள்.