ஒரு நொடி ஒலி அறுகிறதா? கேபிளை வாங்குவதற்கு முன் பாதையைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு ஹொரமாவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். டிவியுடன் 5.1 ரிசீவரை (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் பெட்டி) இ-ஆர்க் வழியாக, அதாவது டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளில் ரிசீவருக்கு அனுப்பும் வசதியால், இணைத்திருக்கிறேன். செட்டாப் பாக்ஸ் ரிசீவரில் செருகப்பட்டிருக்கிறது. சுவரில் துளையிட வீட்டு உரிமையாளர் சம்மதிக்காததால் பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் வயர்லெஸ் பெட்டி. டிவியில் உள்ள செயலிகளில் அட்மாஸ் (டால்பியின் சூழ்ஒலி வடிவம்) படம் பார்க்கும்போது பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லா ஸ்பீக்கர்களிலும் ஒரு நொடி ஒலி அறுந்து திரும்புகிறது. படம் நிற்காமல் ஓடுகிறது. செட்டாப் பாக்ஸில் விளம்பரம் தொடங்கும்போதும் முடியும்போதும் இதே தொல்லை. இரவு நேரத்தில் பின்பக்க ஸ்பீக்கர்கள் மட்டும் விட்டு விட்டு ஒலிக்கின்றன. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் விலையுயர்ந்த கேபிள் வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் ரிசீவரையே மாற்றச் சொல்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. காதுக்கு மூன்றும் ஒன்றுபோலத் தோன்றுவதால் ஒரே பழுதாக எண்ணிவிட்டீர்கள். செயலியில் படம் பார்க்கும்போது ஒலி டிவியிலிருந்து ரிசீவருக்குப் போகிறது. செட்டாப் பாக்ஸ் பார்க்கும்போது பாக்ஸிலிருந்து ரிசீவருக்கு வருகிறது. பின்பக்க ஸ்பீக்கர்களுக்கோ கடைசி நாலைந்து மீட்டர் காற்றில் போகிறது. அறுந்த நேரத்தில் ஒலி எந்தப் பாதையில் வந்துகொண்டிருந்தது என்று கேட்டுக்கொண்டால் தேடவேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

அதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். இரண்டு மூன்று மாலைகள் ஒலி அறும் ஒவ்வொரு முறையும் நேரம், எதிலிருந்து பார்த்தீர்கள், படமும் போனதா, எல்லா ஸ்பீக்கர்களும் நின்றனவா, ரிசீவருக்குள் ‘டக்’ என்று ரிலே (உள்ளே இருக்கும் மின் சுவிட்ச்) தட்டும் சத்தம் கேட்டதா என்று குறியுங்கள். ரிசீவரின் முகப்பில் அந்த நொடியில் எழுத்து மாறுகிறதா என்பதையும் பாருங்கள். ‘டால்பி அட்மாஸ்’ என்பது மறைந்து மறுபடி தோன்றினால் ரிசீவர் சிக்னலையே தவறவிட்டிருக்கிறது. எழுத்து அசையாமல் இருக்க ஒரே ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஊமையானால், சிக்னல் ரிசீவருக்குள் சரியாகவே வந்துவிட்டது; குறை அதற்குப் பிந்தைய பாதையில்.

முதலில் விளம்பர நேரத்துத் தொல்லை. இது பழுதே அல்ல. படம் டால்பி 5.1 வடிவத்திலும் விளம்பரம் இரண்டு சேனல் ஸ்டீரியோவிலும் வரும்போது, ரிசீவர் பழைய வடிவத்தை விட்டுப் புதியதைப் பிடித்துக்கொள்ளும்வரை வாயை மூடிக்கொள்கிறது. அப்படி மூடாவிட்டால் வடிவம் மாறும் நொடியில் ஸ்பீக்கர்களில் வெடிப்புச் சத்தம் வரும். அரை நொடியோ ஒரு நொடியோ இந்த மௌனம் நீடிக்கும். எவ்வளவு என்பது ரிசீவரின் தயாரிப்பைப் பொறுத்தது. செட்டாப் பாக்ஸின் ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’ (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) அல்லது ‘ஸ்டீரியோ’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒரே வடிவத்தில் வரும், இடைவெளி மறையும். பதிலுக்கு அசல் 5.1 போய்விடும், ரிசீவர் தன் கணக்கில் ஸ்டீரியோவை ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் விரித்துக்கொடுக்கும். செய்தி, தொடர், பாட்டு நிகழ்ச்சி என்று பார்க்கும் வீட்டில் இது நல்ல பேரம். சினிமாவுக்காகவே எச்டி சேனல் கட்டணம் கட்டுகிறவர் என்றால் அந்த ஒரு நொடியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வேன்.

இரண்டாவதுதான் உண்மையான சிக்கல். படத்தின் நடுவில், வடிவம் எதுவும் மாறாதபோது ஒலி அறுவது. இங்கே நீங்கள் எழுதிய ஒரு குறிப்பைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ‘படம் நிற்கவில்லை’ என்பதைக் கேட்டதும் பலர் ‘அப்படியென்றால் கேபிள் நன்றாக இருக்கிறது’ என்று முடிவு கட்டுவார்கள். செட்டாப் பாக்ஸ் விஷயத்தில் அது பெரும்பாலும் சரி. அங்கே படமும் ஒலியும் ஒரே கம்பிகளில் வருகின்றன; படத் தரவுகளுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகளில்தான் ஒலி பொதிந்து வருகிறது. கேபிள் தளர்ந்தால் திரையில் வெள்ளைப் பொட்டுகள் மின்னும், அல்லது திரை ஒரு கணம் கறுக்கும். ஆனால் டிவியின் செயலியில் ஓடும் படம் டிவியை விட்டு வெளியே வருவதே இல்லை. கேபிளில் பயணிப்பது ஒலி மட்டும், அதுவும் எதிர்த்திசையில். ஆகவே படம் ஓடியது கேபிளுக்குச் சாதகமான சாட்சி ஆகாது.

அந்த ஒலி போகும் வழியும் தனி. எச்டிஎம்ஐ செருகியின் 19 பின்களில் 14-ஆம், 19-ஆம் பின்களைச் சேர்ந்த ஓர் இணைக் கம்பிதான் இ-ஆர்க் ஒலியையும் அதன் முன்னோடியான ஆர்க் ஒலியையும் சுமக்கிறது. அந்த 19-ஆம் பின்னுக்கு இன்னொரு வேலையும் உண்டு: ‘மறுமுனையில் கருவி இருக்கிறது’ என்று சொல்வது. பழைய, மலிவான கேபிள்களில் இந்த இணை சரியாக முறுக்கப்பட்டு உறையிடப்பட்டிருக்காது. படம் அழகாகப் போகும், ஒலி தடுமாறும். ஆர்க் 2009-இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. அதில் நொடிக்கு ஏறக்குறைய 1 மெகாபிட்தான் போகும். 2017-இல் எச்டிஎம்ஐ 2.1 உடன் அறிவிக்கப்பட்ட இ-ஆர்க் 37 மெகாபிட் வரை கொண்டுபோகும். ஆர்க் காலத்தில் பிழைத்துக்கொண்ட கேபிள் இ-ஆர்க்கில் திணறுவதற்கு இந்த வித்தியாசம் ஒரு காரணம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்வது நல்லது. ஏன் ‘கர்’ என்ற சத்தம் வராமல் முழு மௌனம் வருகிறது? டால்பி ஒலி சிறு சிறு பொதிகளாக வருகிறது. டால்பி டிஜிட்டலில் ஒரு பொதி 32 மில்லிநொடி ஒலியைக் கொண்டது. அதில் ஓரிடம் சிதைந்தாலும் சரிபார்ப்புக் கணக்கு பொருந்தாமல் போய், ரிசீவர் அந்தப் பொதி முழுவதையும் ஒதுக்கிவிடும். தொடர்ச்சி அறுந்துவிட்டால் மறுபடி பிடித்துக்கொள்ள இன்னும் நேரம் எடுக்கும். ஆகவே கண்ணிமைக்கும் நேரத்துக் குறை காதுக்கு ஒரு நொடி இருட்டாகத் தெரிகிறது. சுருக்கப்படாத பிசிஎம் ஒலியில் அதே குறை ஒரு சிறு ‘டிக்’ சத்தத்தோடு போய்விடும்.

இதைக் கொண்டே சோதனையைச் செய்யலாம். ஒருநாள் மாலை டிவியின் ஒலி வெளியீட்டைப் பிசிஎம்முக்கு மாற்றி, வழக்கமாகத் தொல்லை தரும் அதே படத்தைப் பாருங்கள். ஒலி அறாமல், எப்போதாவது ‘டிக்’ மட்டும் கேட்டால் கேபிள் அல்லது செருகி என்று சந்தேகிக்கலாம். ‘டிக்’ கூட இல்லாமல் ஒலி சீராக வந்தால் டால்பி சிக்னலை டிவி அனுப்பும் விதத்திலோ ரிசீவர் அதைப் பிடிக்கும் விதத்திலோ கோளாறு. அப்போது டிவியின் அமைப்பில் ‘ஆட்டோ’ என்றிருப்பதை ‘பாஸ்த்ரூ’ என்று மாற்றுங்கள். டிவி குறுக்கே கைவைத்து மாற்றி எழுதாமல் வந்ததை வந்தபடியே அனுப்பும்.

அதற்கும் அடங்கவில்லையா? இ-ஆர்க்கை அணைத்துவிட்டுப் பழைய ஆர்க்கில் ஓட்டிப் பாருங்கள். நான் வற்புறுத்திச் சொல்லும் யோசனை இது. ஏனென்றால் செலவில்லாதது, பலருக்குப் பலன் தருவது, ஆனால் தரம் குறைந்துவிடுமோ என்ற பயத்தால் யாரும் செய்வதில்லை. நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகளில் அட்மாஸ் வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவத்தில். நெட்ஃபிளிக்ஸில் அது உச்சத்தில் நொடிக்கு 768 கிலோபிட்தான், ஆர்க்கின் கொள்ளளவுக்குள் அடங்கிவிடும். பெரும்பாலான டிவிகளில் ஆர்க் வழியாகவே அட்மாஸ் ரிசீவருக்குப் போய்ச் சேரும். இ-ஆர்க்கின் அகலம் தேவைப்படுவது புளூ-ரே தட்டுகளில் உள்ள ட்ரூஎச்டி போன்ற, தரம் இழக்காமல் சுருக்கிய ஒலி டிவி வழியாக வரும்போதுதான். உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை.

இந்தச் சோதனைகளை ஒரே நாளில் செய்துவிடாதீர்கள். ஒரு மாலைக்கு ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் தொல்லை தீர்ந்தாலும் எது தீர்த்தது என்று தெரியாது, இரண்டு மாதம் கழித்து அது திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்குவீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் டிவி, ரிசீவர் இரண்டையும் சுவர் சுவிட்சில் அணைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் கருவி அரைத்தூக்கத்தில்தான் இருக்கும், எச்டிஎம்ஐ பேச்சுவார்த்தையின் பழைய நினைவு அழியாது. இரண்டின் மென்பொருளையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இ-ஆர்க் தொல்லைகள் சில, டிவிக்கோ ரிசீவருக்கோ வந்த புதுப்பிப்பில் தீர்ந்திருக்கின்றன.

கேபிள்தான் என்று உறுதியானால் தாராளமாக மாற்றுங்கள், ஆனால் விலையைப் பார்த்து வாங்காதீர்கள். ‘அல்ட்ரா ஹைஸ்பீடு’ என்ற சான்றிதழ் ஒட்டியும் அதில் ஸ்கேன் செய்யக்கூடிய கட்டக் குறியீடும் உறையின் மேல் இருக்கவேண்டும். இந்த வகை கேபிள் 48 கிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்டது. உங்களுக்கு இரண்டு மீட்டர் போதும் என்றால் ஐந்து மீட்டர் வாங்கிச் சுருட்டி வைக்காதீர்கள். தங்க முலாம், தடித்த நைலான் உறை, ‘சினிமாத் தரம்’ என்ற சொற்கள் எதுவும் டிஜிட்டல் ஒலியை இனிமையாக்காது. சிக்னல் முழுதாகப் போய்ச் சேர்கிறதா, இல்லையா என்பதோடு கேபிளின் கடமை முடிந்தது.

உங்கள் காகிதத்தில் இரண்டு விஷயங்களைத் தனியாகப் பாருங்கள். படம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் ஒலி அறத் தொடங்குகிறது என்றால் வெப்பம். வாடகை வீடுகளில் கதவு வைத்த டிவி அலமாரிக்குள் ரிசீவரை அடைத்துவைப்பது வழக்கமாகிவிட்டது. கதவைத் திறந்துவைத்து, மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு, அதன்மேல் செட்டாப் பாக்ஸை வைக்காமல் பாருங்கள். படமும் ஒலியும் சேர்ந்து போய், அதே நொடியில் குளிர்சாதனப் பெட்டி உயிர்பெற்றதோ, அடுக்ககத்தின் ஜெனரேட்டர் மின்சாரத்தை ஏற்றுக்கொண்டதோ தெரிந்தால் மின்சாரம். டிவியையும் ரிசீவரையும் ஒரே பலகையில் செருகி, மோட்டார் உள்ள கருவிகளை வேறு இணைப்புக்கு மாற்றுங்கள். எச்டிஎம்ஐ இத்தகைய மின் அதிர்வுகளுக்கு எளிதில் மிரளும்.

இனி பின்பக்க ஸ்பீக்கர்கள். இரவில் மட்டும் விட்டு விட்டு ஒலிப்பதே போதுமான தடயம். எட்டு மணிக்கு மேல் உங்கள் அடுக்ககத்தில் எல்லோரும் வீடு திரும்பி, எல்லா ரவுட்டர்களும் ஒரே காற்றில் பேசத் தொடங்குகின்றன. வயர்லெஸ் பெட்டியின் அடியில் அது 2.4 கிகாஹெர்ட்ஸா 5.8 கிகாஹெர்ட்ஸா என்று அச்சிட்டிருக்கும். 2.4 என்றால், உங்கள் டிவி, தொலைபேசி, மடிக்கணினி எல்லாவற்றையும் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாற்றிவிடுங்கள். அந்த 2.4 பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். அக்கம்பக்கத்து வீடுகள் முழுவதும் அவற்றில்தான் நெருக்கியடிக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் கசியும். இட்லியைச் சூடாக்கும்போது பின் ஸ்பீக்கர் திக்கினால் காரணம் அதுதான். பெட்டி 5.8 என்றால் நேர்மாறாக, உங்கள் ரவுட்டர் 149 முதல் 165 வரையிலான சேனல்களில் இருக்கக்கூடாது. அதன் அமைப்பில் 36 முதல் 48 வரையிலான சேனல்களில் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுங்கள். ‘ஆட்டோ’வில் விட்டால் அது தானே திரும்பிவரும்.

சேனலைவிடப் பெட்டியை வைக்கும் இடம் முக்கியம். அனுப்பும் பெட்டியை டிவிக்குப் பின்னால், ரிசீவரின் இரும்பு உறைமேல், ரவுட்டருக்குப் பக்கத்தில் என்று ஒளித்துவைப்பார்கள், மூன்றுமே தவறு. அலமாரியின் மேல் விளிம்பில், பின் ஸ்பீக்கர்களுக்கு நேர்ப்பார்வை கிடைக்கும்படி, ரவுட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். சோபாவில் நான்கு பேர் உட்கார்ந்தால் நடுவில் தண்ணீர்ச் சுவர் எழும்பியதுபோலத்தான். உடல்கள் இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். உயரம் அதைத் தவிர்க்கும். இவ்வளவுக்குப் பிறகும் தொல்லை தீராவிட்டால் நான் வயரையே பரிந்துரைப்பேன். சுவரைத் துளையிட வேண்டியதில்லை. தரையோர மரப்பட்டியை ஒட்டிப் போகும் தட்டையான ஸ்பீக்கர் வயரும் ஒட்டும் பிளாஸ்டிக் கால்வாயும் கிடைக்கின்றன. வீடு காலிசெய்யும்போது உரித்தெடுத்துவிடலாம்.

எல்லாம் செய்தும் செயலிப் படங்களில் ஒலி அறுவது மட்டும் நிற்கவில்லை என்றால், டிவியின் ஆப்டிகல் வெளியீட்டை ரிசீவருடன் இணைத்து ஒரு மாலை ஓட்டுங்கள். ஆப்டிகலில் அட்மாஸ் வராது, சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1 வரும். அதில் ஒலி அறாமல் ஓடினால் எச்டிஎம்ஐ பலகையில்தான் குறை, டிவியிலோ ரிசீவரிலோ. முடிந்தால் நண்பர் ஒருவரின் ரிசீவரையோ சவுண்ட்பாரையோ ஒரு நாள் இரவல் வாங்கி உங்கள் டிவியில் செருகுங்கள். எது குற்றவாளி என்பது அன்றே தெரிந்துவிடும். சர்வீஸ் பொறியாளர் வரும்போது உங்கள் காகிதத்தைக் கொடுங்கள். ‘சும்மா சும்மா ஒலி போகிறது’ என்றால் அவர் கேபிளைக் கழற்றி மாட்டிவிட்டுப் போவார். ‘இ-ஆர்க்கில் அறுகிறது, ஆர்க்கிலும் அறுகிறது, ஆப்டிகலில் அறவில்லை’ என்றால் அவர் பலகையைத்தான் பார்த்தாக வேண்டும். ரிசீவரை மட்டும் தூக்கிக்கொண்டு போகச் சம்மதிக்காதீர்கள். அவர்கள் கூடத்தில் வேறொரு டிவியோடு இணைத்தால் அது குறையின்றி ஓடக்கூடும், ‘பழுதில்லை’ என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் வீட்டில், உங்கள் டிவியுடன், குறைந்தது அரை மணி நேரம் படம் ஓடவிட்டுப் பார்க்கவேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.