9,876 பெரிதா, 12,345 பெரிதா? பெரிய எண்களை ஒப்பிடுவது பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் வீட்டுக்கு வந்துவிட்டன போலிருக்கிறது. இந்த முறை பெற்றோரிடமிருந்தும் ஆசிரியர்களிடமிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எண்களை ஒப்பிடுவது பற்றியே இருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சுருக்கி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நாலாம் வகுப்பு படிக்கும் என் மகன் 12,345-ஐ விட 9,876 பெரிது என்கிறான். கேட்டால், "ஒன்றைவிட ஒன்பது பெரிசுதானே?" என்கிறான். இலக்கங்களை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். அன்றைக்குச் சரியாகச் செய்தான், ரெண்டு நாளில் மறந்துவிட்டான்.

அவன் முகமதிப்பை (இலக்கம் தனியாகக் காட்டும் மதிப்பு) பார்க்கிறான், இடமதிப்பை (நிற்கும் இடத்தால் அதற்குக் கிடைக்கும் மதிப்பு) பார்க்கவில்லை. இலக்கம் அதிகமுள்ள எண்தான் பெரிது என்று நீங்கள் சொன்ன விதி சரிதான். ஆனால் காரணம் தெரியாத விதி தங்காது. காரணத்தை அவன் வாயிலிருந்தே வரவழைக்கலாம். "நாலு இலக்கத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் எது?" என்று கேளுங்கள். 9,999 என்பான். "அதோடு ஒன்றைக் கூட்டு." ஒன்றுகள் இடத்தில் பத்து சேர்ந்து பத்துகளுக்குப் போகும், அங்கேயும் பத்து சேரும், அப்படியே நகர்ந்துகொண்டே போய் 10,000 வரும். ஐந்திலக்க எண்களிலேயே சின்னது அதுதான். நாலிலக்கத்தில் இருப்பதிலேயே பெரியதும் ஐந்திலக்கத்தில் இருப்பதிலேயே சின்னதிடம் ஒன்று குறைவாகத்தான் நிற்கிறது என்றால், 9,876 எப்படி 12,345-ஐத் தாண்டும்?

இதையே 99, 999, 99,999 என்று வைத்தும் செய்யச் சொல்லுங்கள். முன்னி (ஓர் எண்ணுக்கு முந்தைய எண்), தொடரி (அடுத்த எண்) என்று பாடத்தில் வருவதன் பயன் இங்கேதான் தெரியும். வீட்டு ஸ்கூட்டரில் கிலோமீட்டர் 9,999-ஐ நெருங்கிக்கொண்டிருந்தால் அது மாறும்போது பையனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அப்புறம் இதற்கென்று தனிப் பாடமே தேவைப்படாது.

நான் ஆசிரியை. இலக்கங்களின் எண்ணிக்கை சமமாக இருந்தால் என் வகுப்பில் பாதிப் பேர் வலப்பக்கத்திலிருந்து ஒப்பிடத் தொடங்குகிறார்கள். கூட்டலை அப்படித்தான் செய்கிறோமே என்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்கள், அதை அப்படியே பயன்படுத்திக்கொள்ளுங்கள். கூட்டலில் ஓரிடத்தில் பத்து சேர்ந்தால் அது ஒன்றாக இடப்பக்கத்து இடத்துக்கு நகர்கிறது. அதனால் வலமிருந்து தொடங்குவது வசதி. ஒப்பிடும்போது எதுவும் நகர்வதில்லை. எந்த இடத்தில் அதிக மதிப்பு இருக்கிறதோ அங்கே பார்ப்பதுதான் வேலை.

பயிற்சிக்குப் புத்தக எண்களை விட்டுவிட்டு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கான எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் தவறுகளுக்கென்றே செய்துவைத்த மாதிரி எண்கள் அதில் இருக்கின்றன.

சென்னை 46,46,732
அரியலூர் 7,54,894
சேலம் 34,82,056
விழுப்புரம் 34,58,873
கோயம்புத்தூர் 34,58,045
நீலகிரி 7,35,394

(2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. எனவே அந்த எண் பழைய பெரிய மாவட்டத்துக்கானது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் விவரம் தெரிந்த ஒருவன் கேட்டுவிடுவான்.)

முதல் இலக்கத்தை மட்டும் பார்க்கும் பிள்ளை அரியலூரைச் சென்னையைவிடப் பெரிதாக்கிவிடும், 7 எங்கே 4 எங்கே என்று. வலமிருந்து தொடங்கும் பிள்ளை சேலத்தை விழுப்புரத்துக்குக் கீழே தள்ளிவிடும், 056 எங்கே 873 எங்கே என்று.

கரும்பலகையில் சேலத்தையும் விழுப்புரத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, இடம் பிசகாமல் எழுதுங்கள். இரண்டையும் ஒரு நீள அட்டையால் மூடிவிட்டு, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இடமாகத் திறந்துகொண்டே போங்கள். பத்து இலட்சங்கள்: 3, 3. "இப்போதே சொல்ல முடியுமா?" முடியாது. இலட்சங்கள்: 4, 4. இன்னும் முடியாது. பத்தாயிரங்கள்: 8, 5. இங்கே நிறுத்துங்கள். மீதி நாலு இடமும் இன்னும் அட்டைக்கு அடியில்தான் இருக்கிறது. "உள்ளே என்ன இருந்தாலும் பரவாயில்லையா? விழுப்புரத்துக்கு எல்லாமே ஒன்பதாகவும் சேலத்துக்கு எல்லாமே பூஜ்ஜியமாகவும் இருந்தால்?" என்று கேளுங்கள்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு நீங்களே விடை சொல்லிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் சத்தம் போட்டுச் சண்டையிடட்டும். பத்தாயிரங்களில் மூன்று அதிகம் என்றால் முப்பதாயிரம் அதிகம். மூடியிருக்கும் நாலு இடத்தில் மிஞ்சிப்போனால் 9,999 இருக்கலாம். வித்தியாசம் மூன்று கூட வேண்டாம், ஒன்றே ஒன்று என்றாலும் 10,000 ஆகிவிடுகிறதே, 9,999 அதை எட்டாது. முதல் கேள்வியில் பார்த்த அதே காரணம்தான். இலக்கங்களை எண்ணுவது, இடமிருந்து பார்ப்பது என்று புத்தகம் இரண்டு விதியாகச் சொல்வது உண்மையில் ஒன்றே.

அடுத்து விழுப்புரமும் கோயம்புத்தூரும். அட்டையை நகர்த்திக்கொண்டே போனால் நாலு இடம் வரை ஒன்றுபோல் வந்து, நூறுகளில் போய்த்தான் 8, 0 என்று பிரியும். முப்பத்தி நாலரை இலட்சம் பேர் உள்ள இரண்டு மாவட்டங்களுக்குள் வித்தியாசம் 828 பேர்தான். ஒரு நடுத்தரப் பள்ளியின் பிள்ளைகள் அளவு. இப்படியொன்றைக் கற்பனையாக எழுதிப் போட்டால் நம்பமாட்டார்கள்.

என் மகள் 'நாற்பதாயிரத்து ஏழு' என்று சொன்னால் 400007 என்று எழுதுகிறாள். ஒப்பிடுவதும் தப்பாகிவிடுகிறது.

ஒப்பிடுவதில் அவளுக்குச் சிக்கல் இல்லை, எழுதுவதில்தான். காதில் விழுந்தபடியே நாற்பதாயிரத்தை முழுசாக 40000 என்று எழுதி, பின்னால் ஏழை ஒட்டிவிடுகிறாள். இடமதிப்புப் பட்டியலை ஐந்து கட்டமாக வரைந்து, பத்தாயிரங்கள் கட்டத்தில் 4, ஒன்றுகள் கட்டத்தில் 7 போடச் சொல்லுங்கள். நடுவில் மூன்று கட்டம் காலியாக நிற்கும். அந்த மூன்றிலும் பூஜ்ஜியம் வந்து உட்காரும். எண்ணெழுத்து அட்டைகள் இருந்தால் 40000 என்ற அட்டையின் கடைசிப் பூஜ்ஜியத்தின்மேல் 7 அட்டையை வைத்துக் காட்டலாம். அட்டை கடையில் தேட வேண்டாம், பழைய காலண்டர் தாளில் வெட்டிக்கொள்ளலாம்.

இதே பிள்ளைகள் 50,607-ஐயும் 5,607-ஐயும் பார்த்தால், பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்று நடுவில் இருப்பதை விட்டுவிட்டு இரண்டையும் கிட்டத்தட்ட ஒன்றாக்கிவிடுவார்கள். "பூஜ்ஜியம்னா ஒண்ணுமில்லை" என்று வீட்டில் சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

பெரியது, சிறியது என்று காட்டும் குறியை முதலை வாய் என்றும், அது பெரிய எண்ணைத்தான் சாப்பிடும் என்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது சரியா?

தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலையோடு நின்றுவிடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பல்லெல்லாம் அழகாக வரைவார்கள். 9,876 < 12,345 என்பதை வாசிக்கச் சொன்னால் "முதலை இந்தப் பக்கம் பார்க்குது" என்பார்கள். குறியோடு எழுதியிருப்பது உண்மையில் ஒரு வாக்கியம். "9,876, 12,345-ஐ விடச் சிறியது" என்று இடமிருந்து வலமாக வாசிக்கத் தெரிய வேண்டும். குறி போட்டதும் பக்கத்தில் வாக்கியத்தையும் எழுதவையுங்கள். பத்து நாளில் முதலை தானாகப் போய்விடும். இந்தக் குறிகள் தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞரின் நூலில், அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து 1631-இல் அச்சில் வந்தவை. அங்கே முதலை எதுவும் கிடையாது.

விளையாட்டு ரூபாய் நோட்டுகளை வைத்து இடமதிப்பு சொல்லித்தரலாமா?

தாராளமாக. ஒரே ஒரு எச்சரிக்கை. 1, 10, 100 ரூபாயை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைக் கடைப் பெட்டியில் 5, 20, 50, 200, 500 எல்லாம் இருக்கும், எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். பத்து சேர்ந்தால் அடுத்தது என்ற ஒழுங்கு அவற்றால் குலைந்துபோகும். ஆயிரத்துக்குப் பத்து நூறு ரூபாய் நோட்டை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடலாம். அதற்கு மேலே போனால் வங்கிக் கட்டு: 100 ரூபாய் நோட்டு நூறு சேர்ந்த ஒரு கட்டு பத்தாயிரம், பத்துக் கட்டு ஓர் இலட்சம். உண்மையான கட்டைக் காட்ட வசதியில்லாதவர்கள் (நம்மில் பலர்) வெள்ளைத்தாளை வெட்டிக் கட்டினாலே போதும்.

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். மகள் மில்லியன் என்கிறாள், ஊரிலிருக்கும் தாத்தா இலட்சம், கோடி என்கிறார். 8 மில்லியன் பெரிதா, 1 கோடி பெரிதா என்று இருவரும் வாதம் செய்கிறார்கள்.

கோடிதான் பெரிது. பத்து இலட்சம் ஒரு மில்லியன், பத்து மில்லியன் ஒரு கோடி. 8 மில்லியன் என்றால் 80 இலட்சம், கோடிக்கு இன்னும் 20 இலட்சம் குறைகிறது.

காற்புள்ளி இருக்கும் இடத்தைப் பார்த்துக் குழம்புவதுதான் இங்கே பெரும்பாடு. 4,500,000, 45,00,000 இரண்டும் ஒரே எண். காற்புள்ளி வாசிக்க உதவுவது மட்டும்தான், எந்த இலக்கத்தையும் இடம் மாற்றுவதில்லை. இரண்டு முறையில் எழுதிய எண்களை ஒப்பிட வேண்டியிருந்தால் காற்புள்ளியை எடுத்துவிட்டுக் கட்டம் போட்ட நோட்டில் வலப்பக்கம் ஒழுங்காக வரும்படி எழுதச் சொல்லுங்கள். 2020 கணக்கெடுப்பில் சிங்கப்பூரின் மக்கள்தொகை 5.69 மில்லியன். அதைத் தாத்தாவுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள்: 56 இலட்சத்து 90 ஆயிரம்.

பின்கோடு, ஃபோன் நம்பரை வைத்துப் பயிற்சி தரலாமா? வீட்டில் நிறைய இருக்கிறதே.

வேண்டாம். 641001 என்ற கோவை பின்கோடு 600001 என்ற சென்னை பின்கோட்டைவிட எதில் பெரிது? எதிலும் இல்லை. அவை அளவைச் சொல்லும் எண்கள் அல்ல, அடையாளம். மின்சார மீட்டர் ரீடிங், டிவி விலை, நிலத்தின் விலை, ஊர்களின் மக்கள்தொகை இவையெல்லாம் இருக்கும்போது அது எதற்கு?

பழைய தமிழ் எண்களில் எழுதினாலும் இலக்கம் அதிகமென்றால் எண் பெரிது என்ற விதி பொருந்துமா?

பழைய முறையில் பொருந்தாது. ஆயிரத்துக்கு ௲ என்று ஒரே குறி. 999-க்கு ௯௱௯௰௯ என்று ஐந்து குறி வேண்டும். பத்து, நூறு, ஆயிரம் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி இருந்ததால் எழுத்தின் நீளம் அளவைக் காட்டவில்லை. பெரிய பிள்ளைகளிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். இடத்துக்கே மதிப்பு கொடுத்து, காலி இடத்தில் பூஜ்ஜியம் வைத்ததால் என்ன கிடைத்தது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

வீட்டில் விளையாட ஏதாவது இருக்கிறதா? ஒர்க்‌ஷீட் என்றாலே ஓடிவிடுகிறான்.

0 முதல் 9 வரை பத்துச் சீட்டு எழுதி ஒரு டம்ளரில் போடுங்கள். இருவரும் ஆளுக்கு ஐந்து கட்டம் வரைந்துகொள்ளுங்கள். மாறி மாறிச் சீட்டு எடுத்து, எடுத்ததைத் தன் கட்டம் ஒன்றில் உடனே எழுத வேண்டும். எழுதியதை மாற்றக்கூடாது. முடிவில் பெரிய எண் வைத்திருப்பவர் ஜெயித்தார்.

முதல் சீட்டே 4 வந்தால் எங்கே போடுவான் என்று கவனியுங்கள். முதல் கட்டத்தில் போடலாமா, இன்னும் பெரியது வரும் என்று காத்திருக்கலாமா? ஒன்பதும் எட்டும் ஏற்கெனவே வெளியே போய்விட்டனவா என்று டம்ளரை எட்டிப் பார்க்க ஆரம்பித்தால் இடமதிப்பு அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. பிடிபடாத பிள்ளை 9-ஐக் கொண்டுபோய் ஒன்றுகள் கட்டத்தில் வைக்கும். பூஜ்ஜியத்தை முதல் கட்டத்தில் வைத்தால் அது நாலிலக்க எண்தான் என்பதையும் ஒருமுறை தோற்றால்தான் நம்புவார்கள். சலித்துவிட்டால், சின்ன எண் வைத்திருப்பவர் ஜெயிப்பார் என்று மாற்றிவிடுங்கள்.

தசம எண்களுக்கும் இதே விதியா?

இடமிருந்து பார்ப்பது அப்படியே பொருந்தும். இலக்கங்களை எண்ணுவது பொருந்தாது: 3.45-ஐ விட 3.6 பெரிது. ஆகவே இப்போதே "முழு எண்களுக்கு" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்கு உண்மையாகவே புரிந்ததா என்று சோதிக்க நாலைந்து கணக்கு கொடுங்களேன்.

8,999, 10,001: முதல் இலக்கத்தில் மயங்குகிறதா என்று தெரியும். 6,21,009, 6,12,900: வலமிருந்து பார்க்கிறதா என்று தெரியும். 3,04,050, 34,500: பூஜ்ஜியத்தை விழுங்குகிறதா என்று தெரியும். ஒவ்வொன்றுக்கும் "எந்த இடத்தில் முடிவு செய்தாய்?" என்று கேட்க மறக்காதீர்கள், குறியை மட்டும் பார்த்தால் பாதி நேரம் குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கும். கடைசியாக 7,05,000, 7,05,000 என்று அதே எண்ணை இரண்டு முறை எழுதிக் கொடுங்கள். ஏதாவது ஒரு பக்கம் குறியைத் திருப்பியே ஆக வேண்டும் என்று பழகிவிட்ட பிள்ளை அதில்தான் மாட்டிக்கொள்ளும்.