முதுகெலும்பு வளைவும் விலங்கு ஆய்வுகளும்: கேள்வி பதில்

கேள்வி: பக்கவாட்டில் வளைந்த பிள்ளையின் முதுகெலும்பில் திருகாணியும் கயிறும் வைத்தால் வளைவு எப்படிக் குறைகிறது?

பதில்: ஒவ்வொரு முள்ளெலும்பின் மேலும் கீழும் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு உண்டு. அதன்மேல் அழுத்தம் கூடினால் வளர்ச்சி மந்தமாகும், குறைந்தால் வேகமெடுக்கும். இதுதான் ஹியூட்டர்-ஃபோல்க்மன் விதி. வளைவின் புடைத்த பக்கத்தில் கயிற்றை இறுக்கினால் அங்கே வளர்ச்சி தடைபடும், உட்பக்கம் வளர்ந்து ஈடுகட்டும். 1951-லேயே நாக்லஸும் போர்டனும் நாய்களின் முள்ளெலும்புகளில் ஸ்டேபிள் (உலோகக் கவ்வி) அடித்துப் பார்த்துவிட்டார்கள். அப்புறம் ஆடு, கன்று, பன்றி, எலி வால் எல்லாம் வந்தன.

அளப்பதுதான் அழகு. விலங்குக்குச் சில நாள் இடைவெளியில் இருமுறை ஒளிரும் சாயத்தை ஊசியில் ஏற்றுவார்கள். புதிதாக எலும்பாகும் இடத்தில் அது படிந்துவிடும். மெல்லிய சீவலாக வெட்டிப் புறஊதா ஒளியில் பார்த்தால் இரண்டு கோடுகள் தெரியும். இடைவெளிதான் அந்த நாட்களின் வளர்ச்சி. அழுத்தம் வாங்கிய பக்கம் கோடுகள் நெருங்கியிருக்கும்.

கேள்வி: என் மகளுக்கு முதுகு வளைவு 28 டிகிரி. கயிறு போடலாமா?

பதில்: பன்றியைப் பார்த்துப் பிள்ளைக்கு வைத்தியம் சொல்ல மாட்டேன். முதுகெலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான்கு காலில் நடக்கிற விலங்கின் முதுகு படுக்கைவாட்டில் இருக்கிறது. அதில் என்ன அழுத்தம்? ஆய்வே வீண்.

பதில்: வீண் இல்லை. படுக்கைவாட்டு முதுகையும் தசைகள் நீளவாக்கில் இறுக்கிப் பிடிக்கின்றன. அந்த அழுத்தம் தட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

கேள்வி (அதே நபர்): அப்படியானால் பன்றிக்கு ஏன் தானாக வளைவு வருவதில்லை?

பதில்: சரி, இப்போது சரியான இடத்தைத் தொட்டீர்கள். பெரும்பாலான ஆய்வுகளில் நேரான, ஆரோக்கியமான முதுகில் கயிறு கட்டி வளைவை நாமே உண்டாக்குகிறோம். அழுத்தத்தால் வளர்ச்சியைத் திருப்ப முடியும் என்பது வரை அது சாட்சி. காரணம் தெரியாமல் தானே வளைந்து, கூடவே முறுக்கியும் கொண்ட பிள்ளையின் முதுகு வேறு விஷயம். பன்றிக்குட்டி சில மாதங்களில் வளர்வதைப் பிள்ளை பல வருடம் எடுத்து வளர்கிறது. இதை மறந்து ‘விலங்கில் பலித்தது’ என்று தலைப்புப் போடுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

கேள்வி: மகனுக்கு 40 டிகிரி...

பதில்: மகளைப் பற்றிக் கேட்டவருக்குச் சொன்ன பதிலேதான்: மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வளைவு நேரான பிறகும் கயிறு அப்படியே இருந்தால்?

பதில்: எங்கே நிறுத்துவதென்று கயிற்றுக்குத் தெரியாது. வளர்ச்சி நிறைய மிச்சமிருந்தால் எதிர்ப்பக்கம் வளைந்துவிடலாம். நடுவில் அறுந்துபோவதும் உண்டு.

கேள்வி: எனக்கு 25 வயது. 35 டிகிரி. கயிறு?

பதில்: உங்கள் வளர்ச்சி முடிந்துவிட்டது. திருப்புவதற்கு வளர்ச்சியே இல்லை. டிகிரிக் கேள்விகளை இனி மருத்துவரிடம் மட்டும் கேளுங்கள்.