அடகு நகையில் டெஸ்லா: மச்சானிடம் முதலில் கேட்கவேண்டிய கடதாசி

கேள்வி: திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருக்கிறேன். வயது 42. எனக்குச் சீனக்குடாவில் தொழிற்சாலை வேலை, மனைவி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்து மாதம் கைக்கு வருவது 1 இலட்சத்து 65 ஆயிரம் ரூபா. ரொறன்ரோவில் இருக்கும் மனைவியின் அண்ணன் மின்சாரக் கார் கொம்பனிப் பங்குகளில் ஊறியவர். அதற்கென்று வாட்ஸ்அப் குழுவும் நடத்துகிறார். அவர் உவர்மலையிலுள்ள மாமிக்கு மாதாமாதம் அனுப்பும் 40,000 ரூபாவை ஒன்றரை வருடமாக நான் இங்கே கொடுக்கிறேன். அதற்குப் பதிலாக அவர் அங்கே எனக்கு டெஸ்லாப் பங்கு வாங்குகிறார். விலை விழும்போதெல்லாம் "இப்ப விட்டா பிறகு பிடிக்கேலாது" என்பார். அப்படி மூன்று தடவை, மனைவியின் 7 பவுணை அடகு வைத்து 14 இலட்சம் எடுத்து, மாமி வீட்டு மேல்மாடி வேலைக்குக் கொடுத்தேன். அதற்கும் பங்கு வாங்கிவிட்டதாகச் சொன்னார். அடகு வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றரை. இப்போது "சீனக் கார் கொம்பனி பீவைடி மூன்றில் ஒன்றாக மலிந்துவிட்டது, டெஸ்லாவை வித்துப்போட்டு மாறுவம், இன்னும் 3 இலட்சம் பார்" என்கிறார். மாறலாமா? கணக்கின் படத்தை இணைத்திருக்கிறேன். மனைவி அண்ணனோடு இதைக் கதைக்கப் பயப்படுகிறா.

பதில்: டெஸ்லாவா பீவைடியா என்பதைக் கடைசியில் பார்ப்போம். இப்போதைக்கு உங்களிடம் இரண்டும் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் கணக்கு மச்சானின் பெயரில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது அவர் உங்களுக்குத் தரவேண்டிய கைமாற்று. அதற்கும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

நீங்கள் கொடுத்த ரூபா கடல் கடக்கவே இல்லை. கொஞ்சம் மாமியின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் போனது, மீதி உவர்மலையில் கொங்கிறீற்றாக நிற்கிறது. மகன் ரொறன்ரோவிலிருந்து அனுப்பவேண்டிய காசை மருமகன் நகை அடகு வைத்துக் கொடுத்திருக்கிறார். இதற்கு முதலீடு என்று பெயர் வைத்ததால்தான் ஒன்றரை வருடமாக யாரும் கணக்குக் கேட்கவில்லை. மச்சான் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவரவில்லை. பங்கை உண்மையாகவே வாங்கியும் இருப்பார். ஆனால் நாளை அவருக்கு ஏதாவது நடந்தால், அல்லது அங்கே குடும்பத்துக்குள் பிரச்சினை வந்தால், அந்தக் கணக்கு அவருடைய சொத்தாகத்தான் எண்ணப்படும். திருகோணமலையில் ஒருவருக்கு அதில் பங்குண்டு என்று சொல்ல எந்த ஆவணமும் இல்லை. விற்கும்போது வரும் இலாபத்துக்குக் கனடாவில் வரி கட்டப்போவதும் அவர்தான். அந்த வரியை யார் தலையில் போடுவது என்று நீங்கள் இருவரும் பேசினீர்களா?

இனி கணக்கு. மாதம் 40,000 வீதம் 18 மாதம், 7 இலட்சத்து 20 ஆயிரம். அடகுக் காசு 14 இலட்சம். மொத்தம் 21 இலட்சத்து 20 ஆயிரம். ஒரு கனடா டொலரை 230 ரூபாவாக மச்சான் கணக்குப் பார்க்கிறார், வங்கியில் 216 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வங்கி விலையில் 9,800 டொலர் சொச்சம் வந்திருக்கவேண்டும், அவர் கணக்கில் 9,200தான். ஏறக்குறைய 600 டொலர், அதாவது ஒன்றேகால் இலட்சம் ரூபாவுக்கு மேல், ஒரு பங்கும் வாங்குமுன்பே போய்விட்டது. கனடா டொலரை அமெரிக்க டொலராக மாற்றத் தரகர் எடுக்கும் கழிவு வேறு.

அடகு வட்டி மாதம் 21,000, வருடத்துக்கு 2 இலட்சத்து 52 ஆயிரம். மாமிக்குக் கொடுக்கும் 40,000-ஐயும் சேர்த்தால் மாதம் 61,000. உங்கள் இருவரின் சம்பளத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல். அடகுக் காசில் வாங்கிய பங்கு வருடம் 18 வீதம் ஏறினால்தான் நீங்கள் நின்ற இடத்திலாவது நிற்பீர்கள்.

டெஸ்லா அப்படி ஏறாதா என்று கேட்பீர்கள். ஏறும், விழும். 2024 டிசெம்பர் நடுவில் ஒரு பங்கு 480 டொலருக்குக் கிட்டப் போனது. 2025 ஏப்ரலில் 220 அளவுக்கு வந்தது. வருட முடிவில் மறுபடி 450. கையிருப்புக் காசில் வாங்கினவருக்கு அந்த நாலைந்து மாதம் வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான். அடகு வைத்தவருக்குத் தவணை ஓடுகிறது. 480-இலிருந்து 220-க்கு விழுந்தது 54 வீத வீழ்ச்சி. பழைய இடத்துக்குப் போக அது 118 வீதம் ஏறவேண்டும். இந்தமுறை எட்டு மாதத்தில் ஏறிவிட்டது. ஆனால் 2021 நவம்பரில் 400 டொலரைத் தொட்ட அதே பங்கு அந்த விலையைத் திரும்பப் பார்க்க மூன்று வருடம் எடுத்தது. உங்கள் அடகுத் தவணை 12 மாதம்.

குழுவில் பேசுகிறவர்களைப் பிழை சொல்ல வரவில்லை. 2010-இல் 17 டொலருக்கு வெளியிட்ட டெஸ்லாப் பங்கு, 2020-இல் ஒன்று ஐந்தாகவும் 2022-இல் ஒன்று மூன்றாகவும் பிரிந்ததால், இன்றைய கணக்கில் 1 டொலர் 13 சதம். அன்று வாங்கி விற்காமல் இருந்தவர்கள் உண்மையாகவே பணக்காரர்கள். அவர்கள் சொல்கிற "விழுந்தால் வாங்கு" அவர்களுக்குச் சரிதான். அவர்களில் யாரும் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கவில்லை. நிக்கோலா, ஃபிஸ்கர், லோர்ட்ஸ்டவுன், கனூ என்று இதே ஆர்வத்தோடு வாங்கப்பட்ட அமெரிக்க மின்வாகனக் கொம்பனிகள் 2023-க்கும் 2025-க்கும் இடையில் வரிசையாக வங்குரோத்துக்குப் போயின. அவற்றை வைத்திருந்தவர்கள் எந்தக் குழுவிலும் இப்போது வாய்திறப்பதில்லை. 2021 நவம்பரில் 78 டொலருக்குச் சந்தைக்கு வந்த இன்னொரு மின்வாகனக் கொம்பனியான ரிவியனின் பங்கு, ஒரு கிழமைக்குள் 170-ஐத் தாண்டி, அடுத்த வருட முடிவில் 20-க்குக் கீழே நின்றது. கார் நல்ல கார்தான்.

இப்போது உங்கள் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். மேலே டெஸ்லா, அதற்குக் கீழே டீஎஸ்எல்எல் என்று இன்னொரு குறியீடு. அது டெஸ்லா அல்ல. டெஸ்லாவின் ஒரு நாள் அசைவை இரண்டு மடங்காகத் தருவதற்கென்று செய்த பண்டம். ஒவ்வொரு நாளும் புதிதாகக் கணக்குப் போடும். 100 ரூபாப் பங்கு ஒரு நாள் 10 வீதம் விழுந்து மறுநாள் 10 வீதம் ஏறினால் 99. இரட்டைப் பண்டம் 100-இலிருந்து 80, பிறகு 96. இப்படி ஐந்து தடவை ஏறி இறங்கினால் பங்கு 95-இல் நிற்கும், இரட்டை 81 சொச்சத்தில். தொடர்ந்து ஏறும்போது கொழுக்கும், ஆடும்போது தேயும். டெஸ்லா ஆடுகிற பங்கு. வருடக்கணக்காக வைத்திருக்க இது ஏற்றதல்ல, விற்கிறவர்களே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

அதே படத்தின் அடியில் பணமிருப்பு என்ற இடத்தில் கழித்தல் குறி இருக்கிறது. அது மார்ஜின் கணக்கு. மச்சான் தரகரிடமும் கடன் வாங்கி வாங்கியிருக்கிறார். விலை சட்டென்று விழுந்தால் தரகர் யாரையும் கேட்காமல் விற்றுத் தன் கடனை எடுத்துக்கொள்வார். அன்று விற்கப்படுவது உங்களுடைய பங்கா அவருடைய பங்கா என்ற பிரிவே அங்கே கிடையாது. அடகுக் கடன், அதன்மேல் தரகர் கடன், அதன்மேல் இரட்டைப் பண்டம். மூன்று அடுக்கு.

பீவைடி "மூன்றில் ஒன்றாக மலிந்த" கதை வெறும் கண்கட்டு. 2025 நடுவில் அந்தக் கொம்பனி இலவசப் பங்கு கொடுத்து, ஒரு பங்கு வைத்திருந்தவருக்கு மூன்று ஆக்கியது. எண்ணிக்கை மூன்று மடங்கானதால் விலை மூன்றில் ஒன்றானது. ஆயிரம் ரூபாத் தாளை மாற்றி இரண்டு ஐந்நூறு வாங்கியவர், தாள் மலிந்துவிட்டது என்று சொல்வதுபோல. பங்குக் குழு நடத்துகிறவருக்கு இது தெரியாமல் இருந்தால் அதுவே யோசிக்கவேண்டிய விஷயம்.

கொம்பனி திறமானது, அதில் சந்தேகமில்லை. 1995-இல் ஷென்செனில் பற்றரி செய்யத் தொடங்கியவர்கள், காருக்குப் பிறகுதான் வந்தார்கள். பற்றரியை வெளியில் வாங்காமல் தாங்களே செய்வதால்தான் அந்த விலைக்குக் கொடுக்க முடிகிறது. தனிப் பெற்றோல் கார் செய்வதை 2022 மார்ச்சில் நிறுத்தினார்கள். 2025-இல் முழு மின்சாரக் கார் மட்டும் ஏறத்தாழ 22.5 இலட்சம் விற்றார்கள். டெஸ்லா 16.4 இலட்சம். டெஸ்லாவின் விற்பனை 2023-இல் 18.1 இலட்சமாக இருந்து அடுத்த இரண்டு வருடமும் குறைந்தது. இருந்தும் டெஸ்லாப் பங்கு ஏறியதற்குக் காரணம், வாங்குகிறவர்கள் காரை அல்ல, ஓட்டுநர் இல்லாத டாக்சியையும் ரோபோவையும் எதிர்பார்த்து விலை கொடுக்கிறார்கள். பீவைடிக்கு வேறு தலையிடி. சீனாவில் கார் கொம்பனிகள் ஒன்றையொன்று விலையால் வெட்டுகின்றன. 2025 ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான காலாண்டில் அதன் இலாபம் முந்திய வருடத்தைவிட மூன்றில் ஒன்று குறைவு. உதிரிப்பாகம் கொடுப்பவர்களுக்கு 60 நாளுக்குள் காசு கொடுக்கிறோம் என்று சீனக் கொம்பனிகள் பகிரங்கமாக உறுதியளிக்கும் அளவுக்கு அங்கே நெருக்கடி. என்.சி. வீதியில் பீவைடி கூடக்கூட ஓடுகிறது என்பதால் பங்கு ஏறவேண்டும் என்று இல்லை.

அமெரிக்காவின் வாரன் பஃபெட் கொம்பனி 2008-இல் பீவைடியை 8 ஹொங்கொங் டொலருக்கு வாங்கியது என்பதைக் குழுவில் நிச்சயம் போட்டிருப்பார்கள். அடுத்த வருடம் 80-ஐத் தாண்டியதும், 2011-இல் 15-க்குக் கீழே விழுந்ததும், 2022 வரை ஒன்றும் விற்காமல் இருந்ததும், பிறகு மெல்ல மெல்ல முழுவதையும் விற்று வெளியேறியதும் போட்டார்களா? 14 வருடம் காத்திருக்க முடிந்தது, காசு யாருடைய கடனும் அல்ல என்பதால்.

செய்யவேண்டியது இதுதான். மச்சானோடு பேசப்போவது நீங்கள், மனைவி அல்ல. சண்டை பிடிக்கும் தொனி வேண்டாம். இப்படி எழுதுங்கள்: "மச்சான், நகை மீட்கவேண்டியிருக்கு. எங்களுக்கெண்டு வாங்கினதில எத்தினை பங்கு இருக்கெண்டு போன மாத ஸ்டேட்மென்ட்டை பிடிஎஃப்பா அனுப்புங்கோ. அடுத்த மாதத்தில இருந்து மாமிக்கான காசை நீங்களே பேங்கால அனுப்புங்கோ. எடுத்துக்கொண்டுபோய்க் குடுக்கிறதெண்டா நான் செய்யிறன்."

படம் வேண்டாம், தரகர் மாதாமாதம் வெளியிடும் அறிக்கைதான் வேண்டும். அதில் பெயர், குறியீடு, எண்ணிக்கை, வாங்கிய விலை, கடன் மீதி எல்லாம் இருக்கும். ஒரு கொப்பியில் நீங்கள் காசு கொடுத்த திகதி, ரூபா, அன்று அவர் சொன்ன மாற்று விலை, அதற்கு வந்த டொலர் என்று நாலு பத்தி போட்டு நிரப்புங்கள். மாமிக்குக் கொடுத்த திகதி மறந்துபோனால் வங்கிப் புத்தகத்தில் காசு எடுத்த நாளைப் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இதில் இத்தனை பங்கு உங்களுடையது என்று அவர் ஒப்பமிட்ட ஒரு பக்கக் கடதாசி வாங்குங்கள்.

கணக்கு ஒத்துவந்தால் முதலில் அந்த இரட்டைப் பண்டத்தை விற்கச் சொல்லுங்கள், பிறகு நகை மீட்கத் தேவையான அளவு டெஸ்லாவை. 14 இலட்சத்துக்கு வங்கி விலையில் 6,500 கனடா டொலர் அளவு, வட்டிப் பாக்கி தனி. விலை உச்சத்துக்குக் கிட்ட நிற்கும்போது இதைக் கேட்பது சுலபம், அடுத்த வீழ்ச்சியில் கேட்டால் "இப்பவா விக்கிறது" என்பார். காசு உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரே வரட்டும். அங்கே காசு, இங்கே காசு என்று வங்கிக்கு வெளியே நேர்செய்வது உண்டியல் பணமாற்றுத்தான், சொந்தக்காரரோடு செய்தாலும். வெளிநாட்டுப் பங்கு வாங்க வங்கியில் அதற்கென்று தனிக் கணக்கு உண்டு. உச்ச வரம்பு அவ்வப்போது மாறும், கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மச்சான் விற்க மறுத்தால், கைமாற்றாகவே எழுதிக்கொள்ளுங்கள். 14 இலட்சத்தை மாதம் 40,000 வீதம் திருப்பினாலும் 35 மாதம் எடுக்கும். அந்த 35 மாத அடகு வட்டியை யார் கட்டுவது என்பதையும் அதே தாளில் எழுதவேண்டும்.

அடகில் ஒரு கவனம். தவணை முடியப்போகும் சீட்டை முதலில் மீட்டெடுங்கள். முழுவதும் கட்ட முடியாவிட்டால் வட்டியோடு முதல் தொகையில் ஒரு பகுதியைக் கட்டி மாற்றி வையுங்கள். அப்போது "பவுண் ஏறியிருக்கு, இன்னும் கூடத் தரலாம்" என்பார்கள். பவுணுக்கு 2 இலட்சம் வீதம் நீங்கள் வைத்த நகைக்கு இன்று கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். மச்சான் கேட்கும் 3 இலட்சமும் அப்படித்தான் வரப்போகிறது, அதை வாங்கிவிடாதீர்கள். அரச வங்கி அடகுப் பிரிவில் வட்டியைக் கேட்டுப் பாருங்கள். மாதம் அரை வீதம் குறைந்தாலே 7,000 ரூபா மிச்சம்.

மாமிக்கு நீங்கள் கொடுக்க விரும்புவது வேறு விஷயம். மாதம் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ, மருமகன் கொடுப்பதாகக் கொடுங்கள். அதற்குப் பதிலாகப் பங்கு கேட்காதீர்கள்.

டெஸ்லாவா பீவைடியா? நகை மூன்று சீட்டும் வீட்டுக்கு வந்து, ஆறு மாதச் செலவுக்காசு சேமிப்பில் இருக்கும்வரை இரண்டும் வேண்டாம். அதன்பிறகும் ஆசை இருந்தால், கொழும்புப் பங்குச் சந்தையில் உங்கள் பெயரில் பங்குகளைப் பதிந்து வைக்கும் சீடீஎஸ் கணக்கு ஒன்று திறக்கலாம். இலங்கையில் பீவைடி விற்கும் கொம்பனி ஜோன் கீல்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது, குழுமத்தின் பங்கு அங்கே விலைபோகிறது. ஆனால் அதில் ஹோட்டலும் சுப்பர்மார்க்கெட்டும் கலந்திருக்கிறது, கார்ப் பங்கு என்று எண்ணி வாங்கவேண்டாம். மாதம் 5,000 ரூபாவுக்கு மேல் போடாதீர்கள்.