குறை படத்திலா, டிவியிலா?

கேள்வி: வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தினமும் ஒரு படமாவது, தொடரில் இரண்டு அத்தியாயங்களாவது பார்த்துவிடுகிறேன். இப்போதைய படங்களில் பாதி வசனம் காதில் விழுவதில்லை. சண்டை வந்தால் வீடே அதிர்கிறது. இரவுக் காட்சி என்றால் கும்மிருட்டு. கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படமும் மெகா சீரியல் மாதிரியே தெரிகிறது. வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். தொடர்களோ இரண்டாவது அத்தியாயத்திலேயே இழுவை. தரம் கெட்டுவிட்டது என்று சொன்னால், 'வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற உங்களுக்கு என்ன தெரியும்' என்கிறான் மகன். சாதாரண ரசிகனின் கருத்துக்கு மதிப்பே கிடையாதா?
– ஒரு வாசகர், செம்பூர், மும்பை

பதில்: உண்டு. மாட்டுங்கா அரோராவில் ரஜினி படத்துக்கு முதல் காட்சி பார்த்தவரின் கருத்துக்கு எவ்வளவு மதிப்போ, சோபாவில் சாய்ந்து பார்ப்பவரின் கருத்துக்கும் அவ்வளவு மதிப்பு. மகனிடம் இதைக் காட்டுங்கள். காட்டிவிட்டு மேலே படியுங்கள். ஏனென்றால், நீங்கள் அடுக்கிய ஐந்து குற்றச்சாட்டுகளில் மூன்றரை இயக்குநர் தலையில் விழ வேண்டியவை அல்ல, உங்கள் ஹாலில் மாட்டியிருக்கும் டிவியின் தலையில் விழ வேண்டியவை.

சீரியல் மாதிரித் தெரிவதை முதலில் எடுத்துக்கொள்வோம். சினிமா நொடிக்கு 24 பிரேம்களாக, அதாவது 24 தனித்தனிப் படங்களாக எடுக்கப்படுகிறது. டிவி தன் திரையை நொடிக்கு 60 அல்லது 120 முறை புதுப்பிக்கிறது. இந்த இடைவெளியை நிரப்ப, அடுத்தடுத்த இரண்டு பிரேம்களுக்கு நடுவே என்ன இருந்திருக்கும் என்று டிவி தானே ஊகித்து, யாரும் எடுக்காத பிரேம்களை உருவாக்கிச் செருகுகிறது. அசைவு வழவழவென்று ஆகிவிடும். செட் செட்டாகத் தெரியும், ஒட்டு மீசை ஒட்டு மீசையாகத் தெரியும். வீசிய கையைச் சுற்றியும் ஓடும் பைக்கின் சக்கரத்தைச் சுற்றியும் ஓரங்கள் நெளிந்தால், ஊகம் தப்பிய இடம் அது. கிரிக்கெட்டுக்கு இந்த வசதி சரி, சினிமாவுக்கு ஆகாது. 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் வீடியோ வெளியிட்டு, தயவுசெய்து இதை அணையுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அப்படியும் பல டிவிகளில் பெட்டியைப் பிரிக்கும்போதே இது ஆன் ஆகித்தான் இருக்கிறது. சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்று பெயர். பிக்சர் மோடில் 'ஃபிலிம்மேக்கர்' இருந்தால் அதை வையுங்கள். இல்லையென்றால் 'சினிமா' அல்லது 'மூவி'. முழுக்க அணைத்தபின் கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் லேசான வெட்டல் தெரியலாம். 60-ஐ 24 சரியாக வகுக்காது என்பதால், ஒரு பிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படுவதன் விளைவு அது. உறுத்தினால் அந்த வெட்டலைக் குறைக்கும் 'டி-ஜடர்' என்பதை மட்டும் 1 அல்லது 2 வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பல டிவிகளில் இந்த அமைப்புகள் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. செட்டாப் பாக்ஸ் செருகியிருக்கும் எச்டிஎம்ஐ-யில் மாற்றினால், டிவிக்குள் இருக்கும் நெட்ஃபிளிக்ஸுக்கு அது பொருந்தாது. 'மாற்றிப் பார்த்தேன், பலனில்லை' என்பவர்களில் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

இருட்டுக்கு வருவோம். 2019 ஏப்ரலில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் இரவுப் போர் அத்தியாயம் வந்தபோது உலகமே உங்களைப்போல் புலம்பியது. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், பார்ப்பவர்கள் டிவியைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று பதில் சொன்னார். பாதி நியாயம். மீதிப் பாதி: இருட்டைக் காட்டும் காட்சி இணையத்தில் சுருக்கி அனுப்பப்படும்போது முதலில் சிதைவது அதன் நுணுக்கம்தான்; கறுப்பு, கட்டம் கட்டமாகத் திட்டுப் போட்டு நிற்கும். நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) இணைய வேகம் வேண்டும் என்கிறது, முழு எச்டிக்கு 5. குறைந்த விலைத் திட்டம் எடுத்திருந்தால் வேகம் எவ்வளவு இருந்தாலும் முழு எச்டிக்கும் கீழான 720பி தெளிவுக்கு மேல் வராது. டிவியில் மின்சேமிப்பு மோடும் அறை வெளிச்சத்தை அளக்கும் சென்சாரும் ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் திரைக்குப் பின்னாலிருக்கும் விளக்கான 'பேக்லைட்'டைக் கூட்டுங்கள். பல டிவிகளில் 'பிரைட்னஸ்' என்பது கறுப்பின் அளவு. அதைக் கூட்டினால் இருட்டு சாம்பலாகுமே தவிர முகம் தெளியாது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் படத்தில் சிக்கல் இன்னும் பெரிது. 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தைக் கணக்கில் வைத்துத் தயாரித்ததை 300 நிட்ஸைத் தாண்டாத டிவி அமுக்கித்தான் காட்டும். டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகையில் 'டார்க்', 'பிரைட்' என்று இரண்டு இருந்தால் பகலில் பிரைட். ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிடுவதற்குச் செலவே இல்லை.

வசனம் கேட்காதது அரைக் குற்றம் படத்துடையது, அரைக் குற்றம் உங்களுடையது. தியேட்டருக்கான 5.1 கலவையில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு தாழ்ஒலிப் பெட்டி என ஆறு தடம்) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்து வரும். டிவியில் நடு ஸ்பீக்கரே கிடையாது. ஆறு தடங்களும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களுக்குள் திணிக்கப்படுகின்றன. அந்த ஸ்பீக்கர்களும் தரையைப் பார்த்துப் பேசுகின்றன. மேலே ஃபேன், பக்கத்தில் குக்கர் விசில். ஆப்பில் ஒலிப் பட்டியலைத் திறந்து, 5.1 என்று போடாத தமிழ்த் தடம் இருந்தால் அதை எடுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் 'கிளியர் வாய்ஸ்' போன்ற ஒன்று இருக்கும். 'நைட் மோட்' இருந்தால் சண்டையின் இரைச்சலைத் தாழ்த்தி, முணுமுணுப்பை உயர்த்தும். சவுண்ட்பார் வாங்குவதென்றால் 3.1 வாங்குங்கள், அந்த 3-இல் ஒன்று வசனத்துக்கான நடு ஸ்பீக்கர். 2.1-இல் அது இல்லை. கடைக்காரர் சப்வூஃபர் என்ற அந்தத் தாழ்ஒலிப் பெட்டியை அதிரவைத்துத்தான் காட்டுவார், மயங்காதீர்கள். இத்தனையும் செய்தபிறகும் பின்னணி இசை வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால், வீட்டுக்கென்று தனிக் கலவை செய்யாத சோம்பல் அது. அப்போது தாராளமாகத் திட்டுங்கள்.

வாயும் வசனமும் ஒட்டாததற்கு ஒரு சோதனை. கதவு அறையும் காட்சியைப் பாருங்கள். அறையும் சத்தமும் பிந்தி வந்தால் குற்றவாளி புளூடூத் ஸ்பீக்கர். சாதாரண புளூடூத்தில் 200 மில்லிநொடி வரை தாமதம் சகஜம். 125-ஐத் தாண்டினாலே கண்டுபிடித்துவிடுவோம். வயரில் இணையுங்கள், அல்லது 'ஏவி சிங்க்' அமைப்பில் சரிசெய்யுங்கள். கதவுச் சத்தம் சரியாக வந்து உதடு மட்டும் பிசகினால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் தெலுங்கிலோ கன்னடத்திலோ எடுத்துத் தமிழில் குரல் கொடுத்த படம். நம் நடிகர்களுக்கு இதில் பங்கில்லை.

சேனலில் பார்க்கும் படத்தை வைத்துத் திரைக்கதைக்குத் தீர்ப்பு எழுதவே எழுதாதீர்கள். விதிப்படியே மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம். 150 நிமிடப் படம் 3 மணி 7 நிமிடமாகும். 'ஏ' சான்றிதழ்ப் படம் டிவியில் வர வேண்டுமென்றால் வெட்டி மறுசான்று வாங்க வேண்டும், ஆகவே காட்சி தாவும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை பிடிக்கவில்லை என்று ஜூம் அழுத்துகிறவர்கள் அகலத்திரைப் படத்தில் கால்வாசியை வெட்டி எறிகிறார்கள். அப்புறம் கதாநாயகன் சுவரோடு பேசுகிறான் என்று எங்களுக்குக் கடிதம்.

தொடர்களின் இழுவை பற்றி நீங்கள் சொன்னதில் மட்டும் டிவிக்குச் சம்பந்தமில்லை. இரண்டு மணி நேரக் கதையை எட்டு அத்தியாயமாக நீட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் இதையும் நிரூபித்துச் சொல்லலாம். மூன்றாவது அத்தியாயத்தைப் பார்க்காமலே தாண்டி நான்காவதைப் போடுங்கள். கதை புரிந்தால், யார்மீதும் உங்கள் எண்ணம் மாறியிருக்க வேண்டிய அவசியமும் இல்லையென்றால், மூன்றாவது வெறும் திணிப்பு. புரியவில்லை என்றால் திரும்பிப் போய்ப் பாருங்கள், இந்தமுறை வாட்ஸ்அப்பை மூடிவைத்துவிட்டு. 1.25 வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு நடிப்பில் நிதானமில்லை என்பவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை.

கடைசியாக உங்கள் கடிதத்தைப் பற்றி. அதில் ஒரு படத்தின் பெயரோ ஒரு தொடரின் பெயரோ இல்லை. எந்தப் படம், எந்தத் தளம் அல்லது சேனல், எத்தனையாவது நிமிடம், அங்கே என்ன உறுத்தியது என்று எழுதி அனுப்புங்கள், அப்படியே வெளியிடுகிறோம். 'தரம் கெட்டுவிட்டது' என்ற ஒற்றை வரிக்கு, மன்னிக்கவும், இந்தப் பக்கத்தில் இடமில்லை.