நாற்பதாவது தாவல்

அன்புள்ள ஐயா,

ஸ்டுடியோவில் ஒரு நடனக்கலைஞரைப் படமெடுத்தேன். இரண்டு ஃப்ளாஷ், பின்னால் இருந்து தரைவரை விரித்த கறுப்புக் காகிதம். நாற்பது தடவை தாவச் சொல்லி எடுத்தும் படங்கள் துல்லியமாக இருக்கின்றனவே தவிர உயிர் இல்லை. ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் உணர்வு வருகிறது, ஆனால் உருவம் கலங்கிவிடுகிறது. உணர்வா, டெக்னிக்கா, எது முக்கியம்? 85 எம்எம் லென்ஸ் வாங்கலாமா? படங்களை அனுப்பட்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லென்ஸை விடுங்கள், இருப்பதே போதும்.

உங்கள் கடிதத்தில் 'நாற்பது தடவை' என்ற இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அது என்ன தரை? சிமெண்ட் தரையில் காகிதம் விரித்திருந்தால் அது வழுக்கும், குதிகால் பட்டுக் கிழியும், இறங்குகிற ஒவ்வொரு அடியும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் போய்ச் சேரும். ஆடுகிறவர்கள் பழகுவதற்கென்று கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிற மரத்தரை போடுவது சும்மா இல்லை. எத்தனை ஃப்ளாஷ், பின்னால் என்ன நிறம் என்பதெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், இருபதாவது தாவலில் அவர் எப்படி இருந்தார் என்று ஒரு வரி இல்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன். இதே தப்பை நானும் செய்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் நடனமாடுகிற ஒரு பெண்ணைப் படமெடுத்தேன். பக்கவாட்டில் ஒளியை மென்மையாக்கும் ஒரே ஒரு சாஃப்ட்பாக்ஸ், முகத்தில் பாதி இருட்டு, தாழ்ந்த கண்கள், நீண்ட ஒரு கை. பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. முதலில் பாதத்தைப் பார்த்தார், அப்புறம் இடது தோளில் விரலை வைத்து "இது ஏறியிருக்கு" என்றார். நான் விடுவேனா, இதிலிருக்கிற சோகத்தைப் பாருங்கள் என்றேன். "சோகம் இல்லைங்க, அப்போ எனக்குக் கால் வலி" என்றார்.

அவருடைய வலியை நான் உணர்வு என்று பெயர் சொல்லிச் சுவரில் மாட்ட இருந்தேன். அன்றைக்கு அவர் இன்னொன்றும் சொன்னார்: "நான் மேலே போனதைப் பார்த்துட்டு அழுத்துறீங்க, அதான் இறங்கும்போதே படம் விழுது. நான் மூச்சு இழுக்கிறதைக் கேளுங்க." கால் சரியான பிறகு ஒருநாள் கேமரா இல்லாமல் போய்க் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மூச்சை இழுக்கிற சத்தம், பாதம் தரையை உந்துகிற சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லாத ஒரு சின்ன இடைவெளி, பிறகு இறங்குகிற அடி. அந்த இடைவெளியில்தான் படம் இருக்கிறது.

கணக்குப் போட்டாலும் அதுதான். 30 செ.மீ. உயரம் தாவுகிறவர் காற்றில் இருப்பது சுமார் அரை விநாடி. அதில் உச்சியை ஒட்டிய பத்தில் ஒரு பங்கு விநாடியில் உடல் ஒரு சென்டிமீட்டர்தான் ஏறி இறங்குகிறது, கிட்டத்தட்ட நிற்கிறது. விரலும் கூந்தலும் துணி ஓரமும்தான் ஓடிக்கொண்டிருக்கும். இருட்டான ஸ்டுடியோவில் அவற்றை உறைய வைப்பது ஷட்டர் இல்லை, ஃப்ளாஷ் எரிகிற நேரம். உறைய வைப்பதா, கலங்க விடுவதா என்று அந்த ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், யாராவது திட்டுவார்கள் என்று பார்த்து அல்ல.

1940-இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் பார்பரா மார்கன் எடுத்த, நவீன நடனக்கலைஞர் மார்த்தா கிரகாமின் படத்தைப் பாருங்கள், உடல் முன்னால் மடிந்து, பின்னால் எழும்பிய காலோடு பாவாடை வளைந்து நிற்குமே, அது. மேடையில் ஓடிப் பிடித்த படம் இல்லை. ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எந்தக் கணம் வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதற்காகத் தனியாக எடுத்தது. இதில் எது உணர்வு, எது டெக்னிக் என்று நீங்களே பிரித்துக் காட்டுங்கள், என்னால் முடியவில்லை.

அடுத்த முறை முதல் அரைமணி நேரம் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். எத்தனை தடவை தாவ முடியும் என்று அவரே சொல்லட்டும். படங்களைத் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் முதலில் அவரிடம் காட்டி, அவர் எடுத்துக் கொடுப்பதை மட்டும் அனுப்புங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.

அன்புடன்.