முன்னிசை எங்கே போயிற்று? – கடிதமும் பதிலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் குடும்பத்தோடு கோவையிலிருந்து பெங்களூருக்குக் காரில் போனோம். கல்லூரியில் படிக்கும் மகள்தான் வழிநெடுகப் பாட்டுப் போட்டாள். எல்லாம் மேற்கத்திய பாப். நான் ஆபா, ஈகிள்ஸ், மைக்கேல் ஜாக்சன் கேசட்டுகளை நாடா தேயும்வரை கேட்டு வளர்ந்தவன். அவள் போட்ட பாட்டுகளில் முன்னிசை என்று ஒன்றே இல்லை. எடுத்த எடுப்பில் பாட ஆரம்பிக்கிறார்கள், காதில் ரகசியம் சொல்வதுபோல் முணுமுணுக்கிறார்கள், சூடுபிடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. நடுநடுவே கொரிய மொழி, ஸ்பானிய மொழி வேறு. ஐம்பத்து மூன்று வயதில் எனக்குக் காது மந்தமாகிவிட்டதா, இல்லை உண்மையிலேயே இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பாப் இசை தேய்ந்துவிட்டதா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் காது நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் கவனித்தவை அனைத்தும் உண்மை. 'தேய்ந்துவிட்டது' என்ற முடிவில்தான் எனக்குத் தயக்கம். பாப் என்பது பிறந்த நாள் முதலே விற்பதற்காகச் செய்யப்படும் இசை. எதை ஓர் உருப்படியாக வைத்து விற்கிறார்கள், எதை எண்ணிக் காசு கொடுக்கிறார்கள் என்பதற்கேற்பவே அது உடம்பை வளைத்துக்கொள்ளும். இந்த நூற்றாண்டில் மாறியது முதலில் கல்லாப்பெட்டி, அதன் பிறகே பாட்டு.

2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் என்சிங்க் என்ற அமெரிக்கப் பாப் குழுவின் ஆல்பம் ஒன்று அமெரிக்காவில் ஒரே வாரத்தில் 24 லட்சம் பிரதிகள் விற்றது. குறுந்தகட்டுக் காலத்தின் உச்சம் அதுதான். அன்று கேட்பவர் ஒரு பாட்டுக்கு ஆசைப்பட்டாலும் முழுத்தட்டுக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். கொடுத்த பிறகு அவர் எத்தனை முறை கேட்டார், எந்த இடத்தில் நிறுத்தினார் என்பது விற்றவருக்குத் தெரியவும் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் இல்லை. உங்கள் ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா'வில் குரல் எழுவதற்கு முன் முக்கால் நிமிடத்துக்கும் மேலாகக் கிதார் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறதே, அந்த நிதானத்துக்குப் பின்னால் கலை மட்டுமல்ல, முன்கூட்டியே கைக்கு வந்துவிட்ட பணமும் இருந்தது.

1999இல் வந்த நாப்ஸ்டர் என்ற இணையப் பாட்டுப் பகிர்வுச் சேவை அந்தத் தட்டை உடைத்து, பாட்டுகளைத் தனித்தனியாக இலவசமாக வாரி இறைத்தது. 2001இல் நீதிமன்றத் தலையீட்டால் அது முடங்கியது என்றாலும், தனிப்பாட்டின் ருசி கண்டவர்கள் மறுபடி முழுத்தட்டுக்குத் திரும்பவில்லை. 2003இல் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை ஒரு பாட்டை 99 சென்டுக்கு விற்கத் தொடங்கியது. பிறகு இணையம் வழியே பாட்டை ஓடவிட்டுக் கேட்கும் சேவையான ஸ்பாட்டிஃபை 2008இல் ஐரோப்பாவிலும், 2011இல் அமெரிக்காவிலும், 2019இல் இந்தியாவிலும் கடை திறந்தபோது, பாட்டை வாங்குவது என்ற வழக்கமே ஏறக்குறைய நின்று, கேட்பதை எண்ணுவது என்ற புதுக் கணக்கு வந்தது.

அந்தக் கணக்கில்தான் உங்கள் முன்னிசை காணாமல் போயிற்று. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 நொடி ஓடினால்தான் ஒருமுறை கேட்கப்பட்டதாகப் பதிவாகும். 29ஆம் நொடியில் விரல் அடுத்த பாட்டுக்குத் தாவினால் இசைக்கலைஞருக்கு ஒன்றுமில்லை. அப்படியிருக்க, யார் முக்கால் நிமிடம் கிதார் வாசித்துக் காத்திருப்பார்கள்? 1986 முதல் 2015 வரை அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுக்குள் வந்த பாட்டுகளை ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் அளந்து பார்த்தபோது, தொடக்கத்தில் சராசரியாக 20 நொடிக்கு மேல் இருந்த முன்னிசை 5 நொடியளவுக்குச் சுருங்கியிருந்தது தெரியவந்தது.

முப்பது நொடியைத் தாண்டிவிட்டால் இரண்டு நிமிடப் பாட்டுக்கும் ஆறு நிமிடப் பாட்டுக்கும் ஒரே மதிப்பு என்பது இதே கணக்கின் இன்னொரு பக்கம். அட்லாண்டாவைச் சேர்ந்த லில் நாஸ் எக்ஸ் என்ற இளைஞர், நெதர்லாந்துப் பையன் ஒருவன் செய்து இணையத்தில் விற்பனைக்கு வைத்திருந்த பீட்டை (குரல் இல்லாத பின்னணி இசையை) 30 டாலருக்கு வாங்கி, அதன்மேல் 'ஓல்டு டவுன் ரோடு' என்று பாடினார். 2018 டிசம்பரில் வெளியான அந்தப் பாட்டின் முதல் வடிவம் ஒரு நிமிடம் 53 நொடி. பல்லவியும் இரண்டு சிறு சரணமும், அவ்வளவுதான். மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும், உடனே இன்னொரு முறை தட்டத் தோன்றும். குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' ஒருமுறை ஓடி முடிகிற ஆறு நிமிடத்துக்குள் இது மூன்று முறை ஓடிவிடும், மூன்று கணக்கும் ஏறிவிடும். டிக்டாக்கில் பிள்ளைகள் கௌபாய் தொப்பி மாட்டிக்கொண்டு இதற்கு ஆடினார்கள். நாட்டுப்புற 'கன்ட்ரி' இசைப் பாடகர் பில்லி ரே சைரஸ் சேர்ந்து பாடிய, சற்றே நீண்ட வடிவம் வந்தது. 2019இல், அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை வாரந்தோறும் வெளியிடும் ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்து அதுவரையிலான சாதனைகளை முறியடித்தது.

இதைப் படித்ததும் 'பார்த்தீர்களா, வியாபாரம் கலையைக் கெடுத்துவிட்டது' என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் மூன்று நிமிடப் பாட்டு என்ற அளவையே வியாபாரந்தான் கொடுத்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடந்தான் கொள்ளும் என்பதால் பாட்டு அந்த நீளத்துக்கு வெட்டப்பட்டது. கச்சேரியில் அரைமணி நேரம் விரித்துப் பாடிய கீர்த்தனையை நம் வித்துவான்களும் அந்தத் தட்டுக்காகச் சுருக்கிப் பாடிக் கொடுத்தார்கள். அந்தப் பதிவுகளை நாம் இன்று சுருக்கம் என்று குறை சொல்வதில்லை, பொக்கிஷம் என்கிறோம்.

பாட்டு சுருங்கச் சுருங்க ஆல்பம் வீங்கியது என்பது இதன் வேடிக்கை. 2014 இறுதியில் பில்போர்டு தன் ஆல்பம் பட்டியலில் 1,500 முறை பாட்டுக் கேட்பதை ஓர் ஆல்பம் விற்பனைக்குச் சமமாக எண்ணத் தொடங்கியது. எத்தனை பாட்டு இருக்கிறதோ அத்தனை வழியில் எண்ணிக்கை ஏறும் அல்லவா? 2018இல் டிரேக் வெளியிட்ட 'ஸ்கார்பியன்' ஆல்பத்தில் 25 பாட்டுகள். அத்தனையையும் ஒரே மூச்சில் கேட்ட பொறுமைசாலி யாரையும் நான் சந்தித்ததில்லை.

கொரியமும் ஸ்பானியமும் உங்கள் காருக்குள் வந்ததை மட்டும் நான் லாபக் கணக்கில்தான் எழுதுவேன். 2012இல் சை பாடிய 'கங்னம் ஸ்டைல்' யூடியூபில் நூறு கோடிப் பார்வையைத் தொட்ட முதல் காணொளி ஆயிற்று. ஆனால் ஹாட் 100 பட்டியலில் அது இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை. முதலிடத்தில் மரூன் 5 குழுவின் பாட்டு அமர்ந்திருந்தது. அன்றைய கணக்கில் வானொலி ஒலிபரப்புக்கு எடை அதிகம், யூடியூபுக்கு இடமே இல்லை. அமெரிக்க வானொலிக்காரர்கள் கொரியப் பாட்டை அந்த அளவுக்குப் போடவுமில்லை. 2013 பிப்ரவரியில் பில்போர்டு யூடியூப் பார்வைகளையும் சேர்த்து எண்ண ஆரம்பித்தது. சில மாதம் முன்பே அதைச் செய்திருந்தால் வரலாறு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். 2017இல் 'டெஸ்பசீட்டோ' பெரும்பாலும் ஸ்பானிய மொழியில் 16 வாரம் முதலிடத்தில் நின்றபோதும், 2020இல் கொரியாவின் பி.டி.எஸ். குழு முதலிடம் பிடித்தபோதும், கேட்பவரின் விரலை நேராக எண்ணும் முறை வந்திருந்தது. வாசலில் நின்று யாரை உள்ளே விடலாம் என்று தீர்மானித்த வானொலிக்காரரின் அதிகாரம் குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை.

முணுமுணுப்புக்குக் காரணம் கணக்கில் இல்லை, காதில் இருக்கிறது. பில்லி ஐலிஷ் 2019இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தை அவரும் அண்ணன் ஃபினியஸும் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டுப் படுக்கையறையில் பதிவு செய்தார்கள். அதைக் கேட்ட பலரும் காதுக்குள் செருகிய இயர்போனில் கேட்டார்கள். இத்தனை நெருக்கத்தில் உரத்துப் பாடினால்தான் செயற்கையாக இருக்கும். அதைக் கார் ஒலிபெருக்கியில், லாரி இரைச்சலுக்கு நடுவே நெடுஞ்சாலையில் கேட்டால் முணுமுணுப்பாகத்தான் கேட்கும். ஒருமுறை இரவில் இயர்போனில் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு உண்மையிலேயே வலிக்கும் இழப்பு நீங்கள் சொல்லாத ஒன்று. உங்கள் மைக்கேல் ஜாக்சனின் 'மேன் இன் த மிரர்' பாட்டில் 'சேஞ்ச்' என்ற சொல் வரும் இடத்தில் சுருதியே அரைப்படி மேலேறும், பின்னால் ஒரு தேவாலயப் பாடகர் குழுவே எழுந்து நிற்கும். இந்தச் சுருதி ஏற்றம் இன்றைய ஹிட் பாட்டுகளில் அநேகமாக இல்லை. பியானோ முன் அமர்ந்து பாட்டை நீட்டிக்கொண்டு போனவர்களுக்கு அது இயல்பாக வந்தது. இப்போது கணினித் திரையில் நான்கு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) கொண்ட ஒரு துண்டைச் சுழலவிட்டு, அதன்மேல் ஒலிகளை ஏற்றியும் இறக்கியும் பாட்டைக் கட்டுகிறார்கள். ரிஹானாவின் 'அம்பரெல்லா' (2007) பாட்டின் தாளம், ஆப்பிள் கணினியோடு வரும் காரேஜ்பேண்ட் மென்பொருளில் எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு துண்டுதான். அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த முறையில் பாட்டு உயரலாம், அடர்த்தியாகலாம், இருந்த இடத்தைவிட்டு நகராது.

நீளத்தைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. 2021 நவம்பரில் டெய்லர் ஸ்விஃப்ட் தன் 'ஆல் டூ வெல்' பாட்டின் பத்து நிமிட வடிவத்தை வெளியிட்டார். ஹாட் 100 பட்டியலின் வரலாற்றிலேயே முதலிடத்துக்கு வந்த மிக நீளமான பாட்டு அதுதான், அதுவும் இந்த முப்பது நொடிக் காலத்தில். அடுத்த பயணத்தில் அதைப் போடச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு அது முழுக்க மனப்பாடமாகவே இருக்கக்கூடும்.